காரைக்காலும் ஒரு வாடகை சைக்கிளும்

வேலையாக வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரைப் பார்ப்பதே இல்லை. பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ், வேலை நடக்கும் இடம், சாப்பிடும் மெஸ். இந்த நாலு புள்ளிகளையும் ஒரு ஆட்டோ இணைத்துவிடும். திரும்பி வந்ததும் "ஊர் எப்படி?" என்று யாராவது கேட்டால் "நல்ல வெயில்" என்று சொல்லிவிடலாம். (தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும் பதில் இது.)

என்னைக் கேட்டால், தெரியாத ஊரில் நாலு நாள் தங்க வேண்டிய எவருக்கும் வாடகைக்கு ஒரு சைக்கிள் கிடைக்க வேண்டும். போகிறவர் பெண்ணாக இருந்தால் கட்டாயம் கிடைக்க வேண்டும். காரைக்காலில் பத்து நாள் இருந்த பிறகு இந்த எண்ணம் உறுதியாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

போனது புராஜெக்ட் வேலைக்கு. காவிரியின் கடைமடை கிராமங்களில் அடிபம்பு, குளம், கிணறு என்று தண்ணீர் பிடித்து உப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். மூன்று பேர் போனோம். கூட வந்த இரண்டு பையன்களுக்கும் முதல் நாளே யாரோ ஒருவரின் பைக் கிடைத்துவிட்டது. எனக்கு? "உனக்கு ஆட்டோ சொல்லிடுறோம்மா." நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் ஆட்டோ வந்தால் வேலை, வராவிட்டால் லாட்ஜ் வாசலில் தவம். போகிற வழியில் ஒரு குளத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னால் மீட்டருக்கும் மனசுக்கும் சேர்த்து கணக்கு ஓடும். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் லாட்ஜ் வாட்ச்மேன் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு வழி சொன்னார்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "வாடகைக்கு விடுறத நிறுத்தி வருஷக்கணக்காச்சே பாப்பா" என்றார். காலேஜ் அட்டையின் ஜெராக்ஸ், 500 ரூபாய் அட்வான்ஸ், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்ற விசாரணை எல்லாம் முடிந்த பிறகு, பழுது பார்த்து வைத்திருந்த ஒரு பழைய சைக்கிளை எடுத்து வந்தார். நாள் வாடகை 60 ரூபாய். கேரியரில் தண்ணீர் பாட்டில் பெட்டியைக் கட்ட ஒரு டியூப் துண்டும் இலவசம் :-)

வாடகை சைக்கிள் என்பது நம் ஊர்களில் ஒரு பெரிய விஷயமாக இருந்தது. மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்கும். மணிக்கணக்கில் வாடகை. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வார்கள். கால் எட்டாத பையன்கள் அரை சைக்கிள் எடுப்பார்கள், அதுவும் கிடைக்காதவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போடுவார்கள். (2024ல் இந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்தது.) டிவிஎஸ் 50 வந்தது, தவணைக்கு வண்டி வந்தது, பள்ளிக்கூடத்தில் அரசாங்கமே இலவச சைக்கிள் கொடுத்தது. யாருக்கும் வாடகை சைக்கிள் தேவைப்படவில்லை. உள்ளூர்க்காரர்களைப் பொறுத்தவரை இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் வெளியூரிலிருந்து வருகிறவருக்குத்தான். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, காரைக்காலுக்கு வருகிறேன்.

1739ல் தஞ்சை மராட்டியர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ல். இன்றும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். தலைநகரமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். மொத்தப் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அதாவது ஒரு சைக்கிளுக்கு என்றே அளவெடுத்துத் தைத்த மாவட்டம். மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களின் ஏற்றம் மட்டும்தான். மற்றதெல்லாம் தட்டையான டெல்டா.

முதல் நாள் மேற்கே திருநள்ளாறு பக்கம் போனேன். ஐந்து கிலோமீட்டர். இந்தச் சாலையில் எல்லா வண்டிகளுக்கும் ஒரே அவசரம், சனீஸ்வரனைப் பார்த்து நள தீர்த்தத்தில் குளித்து இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். வழியில் தருமபுரம் என்று ஒரு சின்ன ஊர் வருகிறது, காரில் போனால் கவனிக்கக்கூட முடியாது. அங்கேதான் யாழ்மூரிநாதர் கோயில். திருஞானசம்பந்தரின் பாட்டு யாழால்தான் சிறக்கிறது என்று பாணரின் உறவினர்கள் பெருமை பேச, அது பொறுக்காத திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள் என்று சம்பந்தரையே கேட்டார். அவர் பாடினார். இவரால் வாசிக்க முடியவில்லை. யாழையே உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். தமிழ் இசை வரலாற்றில் இதை விடச் சுவையான கதை எனக்குத் தெரியாது. நான் போன நேரத்தில் கோயிலில் என்னைத் தவிர இரண்டே பேர். அவ்வளவு கூட்டமும் நேரே சனி பகவானிடம் போய்க்கொண்டிருந்தது. சங்கீதத்தை விட ஏழரைச் சனிக்குப் பயம் அதிகம், என்ன செய்ய!

அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் பச்சையாக நின்றன. சாலையில் பாதியை நெல் காயப்போட்டுப் பிடித்திருந்தார்கள். கார்க்காரர்கள் திட்டுவார்கள், சைக்கிளுக்கு மீதிப் பாதி போதும். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பிவிடும். கிழக்கே திரும்பி வரும்போது யாரோ எதிரே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளுவது போல இருக்கும். வெயிலை விட இதுதான் ஆளைச் சாய்க்கிறது. காலையில் கிழக்கே வேலை, மாலையில் மேற்கே வேலை என்று மாற்றிக்கொண்டேன்.

தெற்கே திருமலைராயன்பட்டினம். காளமேகப் புலவர் அரசனிடம் கோபித்துக்கொண்டு மண்மாரி பொழியப் பாடினார் என்று கதை சொல்வார்களே, அந்த ஊர். அங்கே பட்டினச்சேரி மீனவர்கள் மாசி மக ஏற்பாட்டில் இருந்தார்கள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இந்தக் கடற்கரைக்குத்தான் வருகிறார். மீனவர்களுக்கு அவர் சாமி மட்டுமில்லை, தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. "மாப்புள வர்றாருல்ல, அதான் வேலை தலைக்கு மேல கெடக்கு" என்று ஒரு அக்கா சொன்னபோது முதலில் அவர் வீட்டுக் கல்யாணம் என்றே நினைத்தேன். அந்த அக்காதான் குழாயடிக்குக் கூட்டிப்போய் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "எங்கள்ட்ட கேட்டா நாங்களே சொல்லிருப்போமே, உப்புன்னு" என்றும் சொன்னார். மீட்டரும் அதையேதான் சொன்னது.

இன்னும் தெற்கே போனால் வாஞ்சூர். எல்லை எங்கே என்று பலகையைத் தேட வேண்டியதில்லை. மதுக்கடைகள் நெருக்கமாக வரத் தொடங்கினால் எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். வடக்கே பூவத்திலும் இதே கதை. தாண்டினால் நண்டலாறு, அப்புறம் தரங்கம்பாடி. வரியில் உள்ள வித்தியாசம் மதுக்கடையாகவும் பெட்ரோல் பங்காகவும் எல்லையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்றபடி இந்தப் பக்க வயலுக்கும் அந்தப் பக்க வயலுக்கும் பாய்வது ஒரே காவிரி. நண்பர்களே, வரைபடத்தில் பாருங்கள். தரங்கம்பாடியில் 1620ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள், நடுவில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள், தெற்கே நாகப்பட்டினத்தை 1658ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இத்தனையும் நாற்பது கிலோமீட்டருக்குள்! கொஞ்சம் பழகியவர் ஒரே நாளில் சைக்கிளில் முடித்துவிடலாம். வரலாற்றுப் பாடத்தில் மூன்றும் தனித்தனி அத்தியாயமாக வந்ததால், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

கடைமடையின் கஷ்டமும் இந்த வேகத்தில்தான் புரிந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007ல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டிஎம்சி. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. பேப்பரில் ஏழு. அந்த ஏழு அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு என்று பிரிந்து கடைசி வாய்க்காலுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதைக் கரையோரமாகப் போனால்தான் பார்க்க முடியும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி நின்று பார்க்க வேண்டும். பைக்கில் போன பையன்கள் பட்டியலில் இருந்த இடங்களில் மட்டும் தண்ணீர் பிடித்தார்கள். பட்டியலில் இல்லாத குளங்களும் பம்புகளும் எனக்கு வழியில் கிடைத்துக்கொண்டே இருந்தன. (அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும், படிக்கட்டும்.)

ஊருக்குள் நேர்நேரான வீதிகள். மாதாகோயில் வீதி, பாரதியார் வீதி, மஸ்தான் சாகிப் தர்கா, எல்லாம் பத்து நிமிட மிதிதான். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைப் பார்த்தால் மட்டும் தமிழ்நாட்டில் இல்லை என்பது ஞாபகம் வரும். பாரதியார் வீதியில் காரைக்கால் அம்மையார் கோயில். ஆனியில் மாங்கனித் திருவிழாவின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்களாம். அறுபத்து மூவரில் பெண்கள் மூன்றே பேர், அதில் பாட்டு எழுதியவர் இவர் ஒருவர்தான். கணவன் விலகிய பிறகு, அழகையும் உறவையும் விட்டுத் தனியாகக் கயிலைக்குக் கிளம்பினார், காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலே நடந்தார் என்கிறது புராணம். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேலாக ஊரே கொண்டாடும் மனுஷி, தன்னந்தனியாகப் பயணம் போனவர். அதே ஊரில் "தனியாவா போறே?" என்று என்னிடம் ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்டார்கள் :-)

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதற்குப் பதில் பத்திரமான ஆட்டோ இல்லை. புதுக்கோட்டையில் 1991 வாக்கில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் ஒரு பள்ளி ஆசிரியை வருவார். சொந்தமாக வாங்கப் பணம் இல்லை, தினமும் மாலை அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டுவார். அன்றைக்கு அவருக்கு ஒரு வாடகைக் கடை இருந்தது. முப்பது வருஷம் கழித்து எனக்கு ஒரு கடைக்காரரின் கருணை தேவைப்பட்டது.

புதுச்சேரி நகரத்தில் டூரிஸ்டுகளுக்கு வாடகை சைக்கிள் தாராளமாகக் கிடைக்கிறது. பாரிஸில் 2007ல் வெலிப் வந்தது, 2019ல் சென்னையிலும் ஆப் வைத்து சைக்கிள் விட்டார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு காரைக்காலிலும் ஆப் கொண்டு வா என்று நான் கேட்க மாட்டேன். பழைய கடை தெரிந்த முகத்துக்கு மட்டும் கொடுத்தது, புது ஆப் நல்ல போனும் பேங்க் கணக்கும் இருப்பவருக்கு மட்டும் கொடுக்கிறது. துறைமுகத்துக்கு வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளிக்கும், பரீட்சை எழுத வரும் பெண்ணுக்கும் இரண்டுமே சரிப்படாது. பிரெஞ்சுத் துறைமுக ஊரான லா ரோஷேல், பாரிஸுக்கெல்லாம் முன்பே 1970களில் நகராட்சி செலவில் மஞ்சள் சைக்கிள்கள் வாங்கி மக்களுக்கு விட்டது. அப்போது ஆப் ஏது!

காரைக்காலுக்கு 2011 முதல் மறுபடியும் ரயில் வருகிறது. ஸ்டேஷனில் இருபது, பஸ் ஸ்டாண்டில் இருபது, திருநள்ளாறில் பத்து சைக்கிள் போதும். நகராட்சி வாங்கிக் கொடுத்து, ஊரில் மிச்சமிருக்கும் ரிப்பேர் கடைக்காரர்களிடமே நடத்த விடலாம். அடையாள அட்டையின் ஜெராக்ஸ், சின்ன அட்வான்ஸ், ஒரு நோட்டு. திருடிவிடுவார்கள் என்பார்கள். மட்கார்டில் கொட்டை எழுத்தில் நம்பர் எழுதிய பழைய சைக்கிளைத் திருடி யாரிடம் விற்பது? வெயில் என்பார்கள். காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து ஏழு, அது போதும். பாதி சைக்கிளாவது சீட் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் நட்டு துருப்பிடித்து, ஓட்டிய நாள் முழுக்க நுனிக்காலில்தான் மிதித்தேன்.

உங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடை இன்னும் இருக்கிறதா? இருந்தால் மணிக்கு எவ்வளவு, தெரியாத ஆளுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.