ஜெபித்தாயிற்று, ஆயத்தமாயிற்றா?

தியானப் பகுதி: நெகேமியா 1:1 – 2:8



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபையின் வாலிபன் ஒருவன் என்னிடம் வந்தான். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, பாலிடெக்னிக்கில் படித்தவன். ஆட்குறைப்பில் வேலையை இழந்திருந்தான். "செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வு, ஐயா. ஜெபியுங்கள்" என்றான். தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவன் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, "எனக்கு விசுவாசம் போதவில்லையா, ஐயா?" என்று கேட்டான்.

நடந்ததைச் சொல்லச் சொன்னேன். எதிரே மூவர் அமர்ந்திருந்தார்கள்: சீனர் ஒருவர், மலாய்ப் பெண்மணி ஒருவர், ஐரோப்பியர் ஒருவர். தன்னைப் பற்றிச் சொல்லுமாறு முதலில் கேட்டார்கள். பெயரையும் படிப்பையும் சொன்னதோடு அவன் பேச்சு நின்றுவிட்டது. தங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன அறிந்திருக்கிறாய் என்று அடுத்துக் கேட்டார்கள். அதற்கும் தடுமாறினான். அந்த வாரம் அவன் இரண்டு நாள் உபவாசமிருந்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை.

அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஜெபித்தேனே தவிர, "என்ன ஆயத்தம் செய்தாய்?" என்று கேட்கவில்லை. கதவைத் திறப்பவர் கர்த்தர் என்று பிரசங்கிக்கிறோம், அது சத்தியம். ஆனால் திறந்த கதவுக்குள் போய் நிற்பவன் பேச வேண்டும் என்பதை நம்முடைய பிரசங்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அதனால் ஆயத்தக் குறைவால் வந்த தோல்வியைப் பிள்ளைகள் விசுவாசக் குறைவென்று எண்ணி மனமுடைந்துபோகிறார்கள்.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவருக்கு எட்டுகிறது. அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். ராஜாவின் முன் வாய்திறக்கும் வேளையோ நிசான் மாதத்தில்தான் வருகிறது. இடையே ஏறக்குறைய நான்கு மாதங்கள். விருப்பம் என்னவென்று அர்தசஷ்டா ராஜா கேட்டதும், அந்த நொடியிலேயே அவர் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். உடனே பதிலும் சொல்கிறார். எத்தனை காலம் செல்லும் என்பதற்கு அவரிடம் விடை இருந்தது. எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மரம் தர வேண்டிய வனக்காவலாளன் ஆசாப்பின் பெயர்கூட அவர் நாவில் இருந்தது. இவ்வளவும் அந்த ஒரு நொடியில் தோன்றியவை என்று நான் நம்பவில்லை. நான்கு மாதமும் முழங்காலில் நின்ற மனிதர், கணக்கும் போட்டிருக்கிறார்.

இன்னும் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். ராஜா முதலில் பேசியபோது நெகேமியா மிகவும் பயந்தார் என்று வேதம் மறைக்காமல் எழுதுகிறது. ஆகவே கை நடுங்குவது அவிசுவாசம் அல்ல. அடுத்து, அந்த உரையாடலில் எருசலேம் என்ற பெயரை அவர் சொல்லவே இல்லை. தன் பிதாக்களின் கல்லறைகள் இருக்கும் நகரம் என்கிறார். முன்னோரின் கல்லறை பாழாகக் கிடக்கும் வேதனை எந்த இனத்தவருக்கும் விளங்கும். அந்நிய ராஜாவின் மனம் ஏற்கும் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக உண்மையிலிருந்து விலகவில்லை.

பல இனங்கள் கலந்து வாழும் இந்த நாட்டில் நமக்கு வேண்டிய ஞானமும் இதுவே. தமிழ்க் குடும்பங்களில் தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று கற்றோம். பெரியவர் முன் குரல் தாழ்த்தி, கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று வளர்ந்தோம். நல்ல குணம்தான். ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவருக்கு நம் வீட்டு வழக்கம் தெரியாது. நம் அடக்கத்தை அவர் அறியாமையென்று எண்ணக்கூடும். "நாங்கள் செய்தோம்" என்று சொன்னால், நீ செய்தது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

யோசேப்பு வழிகாட்டுகிறார். சிறையிலிருந்து அழைக்கப்பட்டதும் சவரம் செய்து, உடை மாற்றி, எகிப்தின் அரண்மனைக்கு ஏற்றவிதமாய்ப் போய் நின்றார். சொப்பனத்தின் அர்த்தம் தன்னாலன்று, தேவனாலே வரும் என்றார். அதே வாயால், விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருஷம் சேர்த்துவைக்கும் திட்டத்தையும் தெளிவாக எடுத்துரைத்தார். தாழ்மையும் தெளிவும் ஒரே நாவில் குடியிருக்க முடியும். தேவன் தந்த தாலந்தை உள்ளபடி சொல்வது பெருமையன்று. அது கணக்கு ஒப்புவித்தல். கூட்டிச் சொல்வது பொய்; மண்ணில் புதைத்து வைப்பதோ அந்த உவமையின் மூன்றாம் ஊழியக்காரன் செய்த தவறு.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் வேலை அனுபவத்திலிருந்து நான்கைந்து நிகழ்வுகளை எழுதிக்கொள்ளுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. நாவு பழக வேண்டும். தோற்ற நிகழ்வு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்பார்கள். வேலை அறிவிப்பை வரிவரியாக வாசியுங்கள். திருத்தமாக, நிதானமாகப் பேசுங்கள். உச்சரிப்பு வேறாயிருப்பதற்காக வெட்கப்பட வேண்டாம்.

ஒரு வேதனையையும் மறைக்கலாகாது. முழு ஆயத்தத்தோடு போயும் திரும்பி வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. இனமும் வயதும் பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் தடையாகும் இடங்கள் உண்டு. இதனால்தான் 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது; இனம், சமயம், வயது, குடியுரிமை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் சகோதரர்களின் நிலை வேறு. 2023 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள 'கம்பாஸ்' முறையில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற 40 புள்ளிகள் வேண்டும். அந்த நிறுவனத்தில் எந்த நாட்டவர் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதும் அதில் கணக்கிடப்படுகிறது. நன்றாகப் பேசித் தேர்வான ஒருவருக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம். அது உங்கள் தகுதியின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. தேவன் உங்களைத் தள்ளிவிட்டார் என்பதற்கு அடையாளமும் அல்ல.

ஆனால் இந்தச் சுமையைத் தனித்தனியாக வீட்டில் சுமக்க நாம் ஏன் விட்டுவிடுகிறோம்? நம் சபைகளில் மேலாளர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பலமுறை பிறரைத் தேர்வு செய்த அனுபவமுள்ள மூப்பர்கள் இருக்கிறார்கள். பாடகர் குழுவுக்கு ஒத்திகை வைக்கிறோம். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பல வாரம் ஒத்திகை வைக்கிறோம். வாழ்வுக்காக நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒத்திகை வைக்க நமக்கு நேரமில்லையா? வேலை கிடைத்தவர் மட்டும் சாட்சி சொல்லும் வழக்கத்தையும் மாற்றுவோம். ஆறாவது முறை திரும்பி வந்தும் ஆராதனைக்கு வந்து அமர்ந்திருப்பவரிடமும் கேட்கத்தக்க சாட்சி உண்டு.

அந்த வாலிபன் இப்போது சனிக்கிழமை மாலைகளில் சபை அறைக்கு வருகிறான். ஒரு மூப்பரும் ஒரு சகோதரியும் கேள்வி கேட்கிறார்கள்; நான் ஓரமாக அமர்ந்து கேட்கிறேன். இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் சென்ற வாரம், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றபோது அவன் குனியவில்லை. முடிந்ததும் நாங்கள் நால்வரும் சேர்ந்து முழங்காற்படியிட்டோம்.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, வேலை தேடும் எங்கள் பிள்ளைகளுக்கு உழைத்து ஆயத்தமாகும் மனதையும், உண்மையைத் தெளிவாய்ப் பேசும் நாவையும் தாரும். கதவு மூடும் நாளில் அவர்கள் தனித்துப் போகாதபடி எங்களை அவர்களோடு நிற்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.