ஆங்கிலம் அறிவோம்: ஒளியும் இருளும்

ஆங்கிலம் பயில்வோர் சொற்களைத் தனித்தனியே மனனம் செய்து விரைவில் மறந்துவிடுவதுண்டு. உருவில் ஒத்தவற்றை அருகருகே நிறுத்திப் பார்த்தால் மயக்கம் தெளியும். இம்மாதம், 'ஜி', 'எல்' என்னும் எழுத்துகளில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள் சில.

துலக்கிய குத்துவிளக்கில் தவழும் மெல்லொளி 'கிளீம்'. கத்தி விளிம்பில் நொடிப்பொழுது தெறிக்கும் மின்னல் 'கிளிண்ட்'. இரவில் எதிர்வரும் பேருந்தின் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறதே, அது 'கிளேர்'. சினந்து முறைத்துப் பார்ப்பதற்கும் அதுவே சொல். மூன்றிலும் ஒளியுண்டு. இவ்வாறு ஒலியும் பொருளும் இணைந்து வருவதற்கு ஃபெர்த் என்னும் ஆங்கில மொழியியலார் 1930இல் தனிப்பெயரே சூட்டினார்.

ஆயினும், முதலெழுத்துகளை நம்பித் தேர்வில் பொருளெழுதும் மாணவர் ஏமாறுவர். 'குளூம்' என்பது இருள், மனச்சோர்வும் அதுவே. மகிமையைச் சுட்டும் 'குளோரி' இலத்தீனிலிருந்து வந்தது. 'கிளீம்' என்பதோ பழைய ஆங்கிலச் சொல்.

'கிளீம்' என்பதன் ஈற்றில் 'எம்' நீங்கி 'என்' வந்தால் 'கிளீன்'. (தூய்மையைக் குறிக்கும் சொல்லும் தமிழில் இவ்வாறே எழுதப்படும், அதன் முதலெழுத்து 'சி'.) அறுவடையில் சிந்திய கதிர்களைப் பொறுக்குதல் என்பதே இதன் பொருள். போவாசின் வயலில் ரூத் செய்தது இதுவே. கைம்பெண்ணான மாமியாருக்கும் தனக்கும் அவள் அன்று உணவு தேடிய வழி அது. பல நூல்களிலிருந்து செய்திகளைச் சிறுகச் சிறுகத் திரட்டுவதற்கும் ஆங்கிலேயர் இச்சொல்லையே ஆள்கின்றனர்.