எதிரியின் விலாசம்

ஞாயிறு சாயங்காலம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிய வெளிமாநிலப் பையன் ஒருவன், மீதிச் சில்லறைக்குக் கை நீட்டினான். “இந்த வடக்கனுங்களுக்கு வேற வேலையே இல்ல” என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குத் தமிழர்கள் நிறைய வாழ்ந்த பம்பாய் மாதுங்கா ஞாபகம் வந்தது.

1960-ல் பம்பாயில் பால் தாக்கரே என்ற கார்ட்டூனிஸ்ட் ‘மார்மிக்’ என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். பெரிய ஆபீஸ்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை அதில் பட்டியல் பட்டியலாகப் போட்டார். ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்று தலைப்பு. யாரும் சும்மா இருக்கவில்லை. 1966 ஜூன் 19-ல் சிவசேனா பிறந்தது; உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. லுங்கி கட்டியவனெல்லாம் ‘மதராஸி’.

தாக்கரே கடைசிவரை எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் 1995-ல் அவர் கைகாட்டியவர் முதலமைச்சர். அதற்குள் லுங்கிக்காரர்களை விட்டுவிட்டு முஸ்லிம்கள் பக்கம் திரும்பியிருந்தார். 2008-ல் தம்பி மகன் ராஜ் தாக்கரே தனிக்கட்சி வைத்துக்கொண்டு பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்களைப் பிடித்தார்.

இத்தாலியின் மத்தேயோ சால்வினி வைத்திருப்பதும் இதே கடைதான். அங்கே வடக்கத்தியர்களுக்குத் தெற்கத்தியர்கள் இளப்பம். ‘வடக்கு லீக்’கில் வளர்ந்த சால்வினி, 2009-ல் நேப்பிள்ஸ்காரர்களைக் கேவலப்படுத்திப் பாடி மாட்டிக்கொண்டார். 2018 தேர்தலுக்கு முன் கட்சிப் பெயரிலிருந்து ‘வடக்கு’ காணாமல் போனது; தெற்கத்தியர்களிடமும் ஓட்டுக் கேட்டாக வேண்டுமே! ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வருகிறவர்கள் புது எதிரி. உள்துறை அமைச்சரானதும், கடலில் மீட்கப்பட்டவர்களோடு வந்த கப்பல்களைத் துறைமுகத்துக்குள் விட மறுத்தார். 2019 ஐரோப்பியத் தேர்தலில் 34 சதவீத ஓட்டு. 2022 இத்தாலி நாடாளுமன்றத் தேர்தலில் அது 9 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது; துணைப் பிரதமர் நாற்காலி மட்டும் கிடைத்துவிட்டது.

நம் ஊரில் அப்படி ஒரு தலைவர் இன்னும் பெரிதாக எழவில்லை. சரக்கு மட்டும் தயார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகளையே இங்கு அனுப்பி விசாரித்தது. வீடியோ பொய்தான். ஆனால், அதை நம்பிப் பயந்து ஊருக்கு ரயிலேறியவர்கள், இங்கே தினமும் ‘வடக்கன்’ என்று கேட்டுப் பழகியவர்கள்.

அன்று அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. சில்லறையை எண்ணி மடியில் செருகிக்கொண்டு நடந்தான். கட்டியிருந்தது லுங்கி.