பார்க்கும் கண்ணும் வரையும் கையும்



உத்தனப்பள்ளியில் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு மாலை தன் தந்தையின் கைப்பேசியுடன் என் வீட்டுக்கு வந்தாள். இணையத்தில் கண்டு சேர்த்துவைத்த ஓவியங்களைக் காட்டினாள். பறவைகள், மரங்கள், பூச்சிகள், உயிரணுவின் உட்புறம் என இருநூறு படங்களுக்கு மேல் இருந்தன. “நீ வரைந்தவை எங்கே?” என்று கேட்டேன். “இதையெல்லாம் பார்த்த பிறகு வரைவதையே விட்டுவிட்டேன் சார். எனக்கு இப்படியெல்லாம் வராது” என்றாள்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஊக்கம் தரவேண்டிய ஓவியங்களே அவள் கையிலிருந்த பென்சிலைப் பறித்துவிட்டனவே! குறை ஓவியர்களிடம் இல்லை, நாம் பார்க்கும் முறையில்தான் உள்ளது என்பது என் கருத்து. முடிந்துபோன ஓவியத்தை மட்டும் பார்க்கிறோம். அதற்குப் பின்னே இருக்கும் உற்றுநோக்கலை நாம் பார்ப்பதில்லை.

அவள் சேர்த்தவற்றில் பெங்களூர் ஓவியர் நிரூபா ராவின் மரங்கள் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரங்களைப் பற்றித் திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகிய அறிஞர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய நூல் 2018-இல் வெளிவந்தது. அடர்ந்த காட்டில் ஓங்கி நிற்கும் ஒரு மரத்தை அடி முதல் நுனி வரை ஒரே புகைப்படத்தில் பிடிப்பது மிகக் கடினம். முன்னும் பின்னும் பிற மரங்கள் மறைக்கும். ஓவியரோ பகுதி பகுதியாகப் பார்த்து, மறைப்பவற்றை விலக்கி, முழு மரத்தையும் தாளில் நிறுத்திவிடலாம். புகைப்படக் கருவிக்கு இயலாததை இங்கே கண்ணும் சிந்தனையும் சேர்ந்து செய்கின்றன.

இன்னொரு படம் கொரோனா வைரஸ். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர் டேவிட் குட்செல் 2020 பிப்ரவரியில் நீர்வண்ணத்தில் தீட்டியது. அந்த வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது, பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் 10 சென்டிமீட்டர்தான்! நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஆகவே பள்ளி நுண்ணோக்கியில் இதன் உருவத்தைக் காண இயலாது. அப்படியானால் அவர் எதைப் பார்த்து வரைந்தார்? எக்ஸ் கதிர், எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவற்றின் உதவியால் அறியப்பட்ட மூலக்கூறு வடிவங்களைத் திரட்டி, அவற்றின் அளவும் இடமும் பொருந்துமாறு அமைத்தார். நிறங்கள் அவர் விருப்பம். எது சான்று, எது கற்பனை என்று பிரித்தறிந்து பார்த்தால், அந்தப் படமே நமக்கு ஓர் அறிவியல் பாடமாகிவிடும்.

வரையத் தெரிந்த கண் எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1609-இல் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் இடையே கரடுமுரடான ஒரு கோடுதான் அவருக்குத் தெரிந்தது. சில மாதங்கள் கழித்து அதே நிலவைக் கலிலியோ பார்த்தார். அவர் ஓவியக் கலையில் ஈடுபாடு உடையவர். ஒளியும் நிழலும் மேடு பள்ளத்தை எவ்வாறு காட்டும் என்பதை அறிந்தவர். நிலவில் மலைகளும் பள்ளங்களும் இருப்பதைக் கண்டுகொண்டார். 1610-இல் கலிலியோவின் நூல் வெளிவந்த பின்னர் ஹாரியட்டின் படங்களிலும் பள்ளங்கள் தோன்றலாயின!

ஆகவே, நண்பர்களே, ஓர் ஓவியத்தைச் சேமிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வரைந்தவர் யார்? எதைப் பார்த்து வரைந்தார்? எதை விட்டுவிட்டார்? கணினி தானே உருவாக்கும் படங்களும் இன்று இணையத்தில் கலந்து வருகின்றன. அவற்றைக் கண்டறியவும் இரண்டாம் கேள்வி உதவும். பிறகு கைப்பேசியை மூடிவைத்துவிட்டு, உங்கள் அருகிலுள்ள ஒரு பொருளைப் பத்து நிமிடம் பார்த்து வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை, உண்மையாக வந்தால் போதும்.

அந்த மாணவியிடமும் இதையே சொன்னேன். எங்கள் பகுதியில் தக்காளித் தோட்டங்களுக்குக் குறைவில்லை. மறுநாள் அவள் ஒரு தக்காளிப் பூவை வரைந்துவந்தாள். மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து கூம்பாக நிற்பதைச் சரியாகக் காட்டியிருந்தாள். கோடுகள் கோணலாக இருந்தன. “இதழ் ஐந்துதானே? ஆறு போட்டிருக்கிறாயே!” என்றேன். அவள் பதில் பேசாமல் கையிலிருந்த பூவை நீட்டினாள்.

எண்ணிப் பார்த்தேன். ஆறு இதழ்கள் இருந்தன. பயிரிடும் தக்காளி வகைகளில் இது இயல்பே என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளாகத் தக்காளித் தோட்டங்களைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும் நான் ஒரு பூவையும் எண்ணிப் பார்த்ததில்லை. வரைந்தவள் எண்ணியிருந்தாள்.