கோடீசுவரர் கார்ப் பந்தயத்துக்கு மக்கள் பணமா?

சர்க்கார் கஜானாவில் பணமில்லை! இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டு நமது காது புளித்துவிட்டது. டில்லியைக் கேட்டாலும் இதே பதில். சென்னையைக் கேட்டாலும் இதே பதில். மண் வெட்டிய கூலி பாக்கியைக் கேட்டால் பணமில்லை. மூடிக் கிடக்கும் பஞ்சாலையைத் திற என்றால் பணமில்லை. 2024 ஜனவரி 9-ம் தேதி தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓய்வு பெற்ற தோழர்களுக்குச் சேரவேண்டிய பஞ்சப்படி பாக்கியைக் கொடு என்பது அவர்களது முக்கிய கோரிக்கைகளில் ஒன்று. அதற்கும் நிதி நெருக்கடி என்றே பதில் வந்தது.

ஆனால் அதே கஜானாவிலிருந்து, அதே காலத்தில், கார்ப் பந்தயத்துக்கு ரூ. 42 கோடி எடுத்துக் கொடுக்கப்பட்டது!

விவரத்தைச் சொல்லுகிறோம், தோழர்களே. சென்னையில் பார்முலா-4 என்ற கார்ப் பந்தயத்தை இரவு நேரத்தில், நடுத்தெருவில் நடத்தப் போவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நடத்துவது ரேசிங் புரமோஷன்ஸ் என்ற தனியார் கம்பெனி. கூடவே கைகோத்து நின்றது சர்க்காரின் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். தீவுத்திடலைச் சுற்றி அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரைக் கிலோ மீட்டருக்கு ஓடுகளம். டிசம்பர் 9, 10 தேதிகளில் பந்தயம் என்று நாள் குறித்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஏழைகள் குடியிருக்கும் வட சென்னையில் இடுப்பளவு தண்ணீர். எண்ணூர் மீனவனின் வலையிலும் படகிலும் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அப்பிக்கொண்டது. பந்தயத்தைத் தள்ளி வைத்தார்கள், கைவிடவில்லை. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடத்தியே முடித்தார்கள்.

நாற்பத்திரண்டு கோடி என்றால் எவ்வளவு? நமது கணக்கில் பார்ப்போம்.

புயலில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சர்க்கார் கொடுத்த நிவாரணம் ரூ. 6,000. அந்தக் கணக்கில் 42 கோடி என்பது 70,000 குடும்பங்களின் நிவாரணம். 2023-24-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ரூ. 294. அந்தக் கணக்கில் 42 கோடி என்பது 14 லட்சத்து 28 ஆயிரம் நாள் கூலி. அதாவது 14,000-க்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளிகளுக்கு நூறு நாளும் முழுதாக வேலை. இதைத்தான் இரண்டு நாள் பந்தயத்துக்குத் தாரை வார்த்தார்கள்.

இந்தப் பணம் வானத்திலிருந்து கொட்டியதா? சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறோம். தீப்பெட்டி வாங்கினால் வரி கட்டுகிறோம். 2023-24-ல் மதுக்கடைகளின் மூலம் மட்டும் மாநில சர்க்காருக்கு ரூ. 45 ஆயிரம் கோடிக்கு மேல் வருமானம். ஷிப்டு முடிந்து களைத்து வரும் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்தும், அவன் மனைவியின் அடுப்பங்கரையிலிருந்தும் போன பணம் அதில் எவ்வளவு? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் இது!

கார் ஓட்டும் விளையாட்டை நாம் எதிர்க்கவில்லை. அந்தக் காரைப் பழுது பார்க்கும் தொழிலாளியும் நம்மவனே. ஆசையும் வசதியும் உள்ளவர்கள் தாராளமாக ஓட்டட்டும், தங்கள் காசில்! அப்படித்தானே இத்தனை காலமும் ஓட்டினார்கள்? சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு மோட்டார் பந்தய சங்கத்தார் இருங்காட்டுக்கோட்டையில் தங்களுக்கென்று களம் அமைத்தார்கள். 1990-லிருந்து அங்கே ஓட்டுகிறார்கள். கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலும் தனியார் களம் ஒன்று உண்டு. பஞ்சாலை முதலாளி குடும்பத்தில் பிறந்து பந்தயக் கார்களைத் தயாரித்த கரிவர்த்தனின் பெயரைத் தாங்கிய களம் அது. இரண்டு களம் இருக்கும்போது மூன்றாவதை நகரத்தின் நடுவில், மக்கள் பணத்தில் போடவேண்டிய அவசியம் என்ன?

"விளையாட்டை வளர்க்கிறோம்" என்கிறார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது நாம் குறை சொல்லவில்லை. சதுரங்கப் பலகையைக் கூலிக்காரன் மகனும் வாங்கலாம். பந்தயக் காரை வாங்குவானா? கபடி ஆடும் கிராமத்துப் பிள்ளைக்குத் திடல் உண்டா? வியாசர்பாடியில் கால்பந்து உதைக்கும் சிறுவனுக்குக் காலணி உண்டா? அதற்கல்லவா விளையாட்டு ஆணையம்!

"சாலையைத்தானே செப்பனிட்டோம், அது மக்களுக்குத்தானே பயன்படும்" என்றும் ஒரு சமாதானம். நல்லது. அப்படியானால் முதலில் குழி விழுந்த எண்ணூர், மணலிச் சாலைகளைச் செப்பனிட்டிருக்கலாமே! சேரிக்குப் போகும் வண்டிப் பாதைக்குத் தார் போட்டிருக்கலாமே! பந்தயக் காரின் சக்கரம் குலுங்கக் கூடாது என்று போட்ட சாலையை நமக்குப் போட்டதாகச் சொன்னால் நாம் நம்பிவிடுவோமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கோரிக்கை மனுவோடு தொழிலாளர்கள் ஊர்வலம் போக அனுமதி கேட்டால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று போலீஸ் மறுக்கிறது. கம்பெனி கேட்டால் அண்ணா சாலையே வழிவிடுகிறது! ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு அருகிலேயே பந்தய எஞ்சின்கள் அலறலாம். கூலி உயர்வு கேட்டு நாம் போடும் கோஷம் மட்டும் காதைத் துளைக்கிறதாம்! நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் திருவல்லிக்கேணிக் கடற்கரை. 1923-ல் தோழர் சிங்காரவேலர் மே தினச் செங்கொடியை ஏற்றிய கடற்கரை அது. அந்தப் பாதை யாருடையது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

அ.தி.மு.க. தலைவர் எடப்பாடி பழனிசாமியும் இந்தப் பந்தயத்தை எதிர்த்து அறிக்கை விட்டார். நல்லதுதான். ஆனால் 2019 டிசம்பர் கடைசியில், அதே தீவுத்திடலுக்கு அருகே கூவம் கரையில் குடியிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களைப் படிப்பாண்டின் நடுவில் பிள்ளை குட்டிகளோடு பெரும்பாக்கத்துக்குத் துரத்தியது எந்த ஆட்சி? அவருடைய ஆட்சிதான்! ஏழை குடியிருந்தால் ஆக்கிரமிப்பு. பணக்காரன் பந்தயம் விட்டால் பெருமை. ஆட்சி மாறினாலும் இந்த நியாயம் மாறவில்லை.

விஷயம் கோர்ட்டுக்கும் போயிற்று. 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சர்க்கார் செலவிட்ட 42 கோடியைக் கம்பெனி திருப்பித் தரவேண்டும் என்றது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. கோர்ட்டில் வழக்கு முடிந்துவிட்டது. மக்கள் மன்றத்தில் முடியவில்லை.

இந்த நோய் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. உத்தரப் பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவைப் பாருங்கள். சர்க்காரின் யமுனை ஆணையம் ஜேப்பீ கம்பெனிக்கு விளையாட்டு நகரம் என்ற பெயரில் நிலம் கொடுத்தது. 2011 அக்டோபரில் அங்கே பார்முலா-1 பந்தயம் நடந்தது. அதே ஆண்டு மே மாதம், அதே வட்டாரத்தில் பட்டா பார்சௌல் கிராமத்தில், தங்கள் நிலத்துக்கு நியாயமான விலை கேட்ட விவசாயிகளின் போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. பார்முலா-1 மூன்றே ஆண்டுகள்தான் நடந்தது; 2013-க்குப் பிறகு வரவில்லை. பாக்கி கட்டவில்லை என்று 2020-ல் ஆணையமே அந்த நில ஒதுக்கீட்டை ரத்து செய்தது. பந்தயம் போயிற்று. உழவன் இழந்த வயல் திரும்பி வந்ததா?

"வேலை கிடைக்கும்" என்று ஆசை காட்டுவார்கள். அதற்கும் பதில் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் எபு வேல் என்பது நிலக்கரி, இரும்புத் தொழிலாளர்களின் ஊர். இரும்பாலை 2002-ல் மூடப்பட்டது. வேலையின்றித் தவித்த அந்த ஊரில் 40 கோடி பவுனுக்கு மேல் செலவாகும் பந்தயக் களம் கட்டுகிறோம், 6,000 பேருக்கு வேலை என்றது ஒரு கம்பெனி. சர்க்கார் ஜாமீன் நிற்கவேண்டும் என்றது. கணக்கைப் பரிசோதித்தால் களத்தில் நேரடியாகக் கிடைக்கும் வேலை நூற்றுச் சொச்சம்தான்! 2017 ஜூனில் வேல்ஸ் அரசு ஜாமீன் மறுத்தது. ஆனால் அதற்குள் பொதுப் பணம் 93 லட்சம் பவுன் கரைந்திருந்தது. பசித்தவன் எதிரே வேலை என்ற சொல்லைத் தூண்டிலாகப் போடுவது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம்.

லாபம் வந்தால் கம்பெனிக்கு. செலவு வந்தால் மக்களுக்கு. இதுதான் இந்தப் பந்தயத்தின் விதி. பாதையும் நமது, பணமும் நமது. பரிசு மட்டும் அவர்களுடையது!

ஆகவே நாம் கோருகிறோம்: தனியார் நடத்தும் எந்தக் கார்ப் பந்தயத்துக்கும் மாநில சர்க்காரோ மாநகராட்சியோ இனி ஒரு காசும் கொடுக்கக் கூடாது. 42 கோடி எதற்கு, யார் யாருக்குப் போயிற்று என்ற முழுக் கணக்கையும், கம்பெனியுடன் செய்த ஒப்பந்தத்தையும் பொதுமக்கள் முன் வைக்கவேண்டும். பந்தயக் களத்துக்கென்று ஓரடி விளைநிலத்தையும் எடுக்கக் கூடாது. விளையாட்டுப் பணம் கிராமத் திடலுக்கும், தொழிலாளர் குடியிருப்புத் திடலுக்கும், அரசுப் பள்ளிக்கும் போகவேண்டும்.

தோழர்களே! அடுத்த மே தினக் கிராம சபையில் இந்தக் கணக்கைக் கேளுங்கள். ஆலை வாயில் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தீர்மானம் நிறைவேற்றிக் கோட்டைக்கு அனுப்புங்கள். கஜானாவில் பணமில்லை என்று இனி எந்த மந்திரி கையை விரித்தாலும், நாற்பத்திரண்டு கோடி எங்கிருந்து வந்தது என்று ஒரே குரலில் கேளுங்கள்!