இன்வெர்ட்டருக்கு வெயில் தெரியுமா?

பி.காம். படிக்கிறவனுக்கு பேட்டரியைப் பத்தி என்ன பேச்சுன்னு கிளாஸ்மேட்ஸ் கேட்பீங்க. மேலோட்டமாப் பார்த்தா இது வோல்ட்டேஜ் விஷயம். உள்ளே போனா முழுக்கப் பணம்தான் மக்களே.

2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில், இன்வெர்ட்டர் எங்கள் காஞ்சிபுரம், கூரம் பக்கமும் வீட்டுச் சாமான் ஆனது. (தறிக்கு மேலே வெளிச்சம் இல்லாவிட்டால் பட்டு இழை கண்ணுக்குத் தெரியாது.) பவர்கட் குறைந்த பிறகும் பெட்டி இருக்கிறது. எங்கே? பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, இல்லை ஷீட் போட்ட அறையில். சித்திரை வெயிலில் அங்கே 40 டிகிரி சாதாரணம்.

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நிரம்பியதும் சார்ஜர் அதை ஏறத்தாழ 13.8 வோல்ட்டில் வைத்திருக்கும். அந்த எண் 25 டிகிரிக்கான கணக்கு. சூடு ஏறினால் உள்ளே ரசாயன வேலை வேகமாகும். அதே வோல்ட்டில் அதிக கரண்ட் இறங்கும், தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும், தகடு அரிக்கும். அதனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். ஆறு செல்லுக்குச் சேர்த்து சுமார் 20. 40 டிகிரியில் 13.5 வோல்ட் போதும். 0.3 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் அது மாதக்கணக்கில், ராப்பகலாக ஏறுகிற 0.3!

குளிரில் கதை தலைகீழ். சினிமா கேரவன் ஒன்று சென்னையில் கிளம்பி மார்கழியில் ஊட்டி போய் நிற்கிறது என்று வையுங்கள். 5 டிகிரியில் அதே பேட்டரிக்கு 14.2 வேண்டும். கொடுக்காவிட்டால் அரைவயிறுதான், தகட்டில் சல்பேட் படியும்.

இப்போ நம்ம சப்ஜெக்ட். 15,000 ரூபாய் பேட்டரி ஆறு வருஷம் உழைத்தால், நேர்கோட்டு முறையில் தேய்மானம் வருஷத்துக்கு 2,500. மூன்றே வருஷத்தில் போனால் 5,000. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். வோல்ட்டைக் குறைத்தாலும் சூட்டின் பாதிப்பு முழுசாப் போகாது. ஓவர்சார்ஜ் பாதிப்பாவது குறையும், அதுவே லாபம். நான் பார்த்த இன்வெர்ட்டர்களில் பேட்டரி வகையை மாற்ற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, வெயிலுக்கு ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் விற்கிற பொருளுக்கு இது எக்ஸ்ட்ரா வசதியாம்! என்னைக் கேட்டால், அட்டைப்பெட்டி மேலேயே "டெம்பரேச்சர் சென்சார் உண்டு / இல்லை" என்று அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்டால் "எல்லாம் ஆட்டோமேட்டிக் தம்பி" என்பார்கள். சென்சார் வயர் எங்கே என்று கேளுங்கள். அது பேட்டரி உடம்பில் ஒட்டியிருக்கணும், சார்ஜர் பெட்டிக்குள் இருந்தால் பெட்டியின் சூட்டைத்தான் அளக்கும்.

டிஸ்கி: லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சார்ஜரில் அந்த வசதி இருந்தால் ஆஃப் பண்ணிடுங்க.