கரைப் புதரையும் கொஞ்சம் விட்டுவையுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரிகளுக்குப் பறவை பார்க்கச் செல்வோர் பெருகிவிடுகின்றனர். எல்லோருடைய கண்களும் தண்ணீரின் மேல்தான் இருக்கும். நாரை, கூழைக்கடா, வாத்து எனப் பெரிய பறவைகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது, கரைப் புதரின் பக்கம் திரும்பிப் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள்.

"சக்... சக்..." என்று ஒரு குரல் கேட்கக்கூடும். குரலுக்குரிய பறவை எளிதில் வெளியே வராது. பொறுமையாக இருந்தால், இலைகளுக்கிடையே மங்கிய பழுப்பு நிறக் குருவி ஒன்று தாவுவது தெரியும். அதுதான் பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை சுமார் 12 கிராம்; அதாவது ஒன்றரைப் பவுன்! பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியா போன்ற இடங்களில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவுகளில் பறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம்மிடம் வருகிறது. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பே அதன் பயணத்துக்கு எரிபொருள். இங்கே அதற்கு உணவு, புதர்களிலும் மரங்களிலும் உள்ள பூச்சிகள். இளவேனிலில் ஊர் திரும்பவும் அந்த உணவிலிருந்துதான் கொழுப்புச் சேர்க்க வேண்டும்.

வலசை வரும் சிறு பறவைகள் பல, சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை இது. ஆனால் ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று புதர் முழுவதையும் அகற்றி, நடைபாதையும் புல்தரையும் அமைத்துவிட்டால், திரும்பி வரும் குருவி எங்கே போகும்?

"புதரில் பாம்பு இருக்குமே! கரை பழுதாகுமே!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மதகு, கலிங்கு அருகிலும், மக்கள் நடக்கும் வழியிலும், வேர் இறங்கிக் கரையைக் கெடுக்கும் இடங்களிலும் வெட்டட்டும். மற்ற இடங்களில் ஒரு பகுதியையாவது விட்டுவைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், எந்தப் புதர், என்ன பறவை, எத்தனை என்று வாரந்தோறும் எழுதி வாருங்கள். ஏரியைச் சீரமைப்பது பற்றிக் கிராம சபையில் பேச்சு வரும்போது, வீட்டுப் பெரியவர்களிடம் அந்த நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். பறவை இருப்பதாக யாரும் அறியாத புதரை வெட்டுவது எளிது. உங்கள் கணக்கைப் பார்த்தபின், அரிவாளை எடுப்பவர் சற்று யோசிப்பார்.